விபத்துக்குப் பின் வரும் பொறியாளர்: தடயவியல் பொறியியல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தடயவியல் பொறியியல் என்றால் என்ன? கைரேகை, ரத்தக்கறை எல்லாம் பார்ப்பார்களே, அதுவா?

இல்லை. அது குற்றத் தடயவியல். இங்கே ஆராயப்படுவது உடைந்த இரும்பு, எரிந்த ஒயர், இடிந்த தளம், கவிழ்ந்த வண்டி. ஒரு பொருளோ கட்டடமோ தாங்க வேண்டிய நேரத்தில் ஏன் தாங்கவில்லை என்பதை இயற்பியல், உலோகவியல், கணக்கு இவற்றின் துணையோடு கண்டுபிடிப்பது முதல் பாதி. கண்டுபிடித்ததை எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் குறுக்கு விசாரணைக்கு ஈடுகொடுக்கும்படி விளக்குவது இரண்டாவது பாதி. சாதாரணப் பழுதாய்வில் இருந்து இதைப் பிரிப்பது அந்த இரண்டாவது பாதிதான்.

போலீஸ்தான் விசாரிக்கிறார்களே, தனியாகப் பொறியாளர் எதற்கு?

போலீசின் முதல் கேள்வி குற்றம் நடந்ததா என்பது. இழப்பீட்டு வழக்கின் கேள்வி வேறு: இந்தச் சேதம் எதனால் வந்தது, அதைத் தடுக்கும் கடமை யாருக்கு இருந்தது, அவர் அதைச் செய்தாரா? போலீஸ் அறிக்கையில் 'பிரேக் பிடிக்கவில்லை என ஓட்டுநர் கூறினார்' என்று ஒரு வரி இருக்கும். பிரேக் குழாய் விபத்துக்கு முன்பே அரித்து ஓட்டையானதா, மோதலில் பிய்ந்ததா என்பது அந்த வரியில் இருக்காது. வழக்கின் முழுப் பணமும் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கும்.

விபத்து நடந்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

காயம்பட்டவர்களைக் கவனித்து, ஆபத்தை நீக்கிய பிறகு, எதையும் தொடாமல் இருங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். எவ்வளவு திறமையான பொறியாளர் வந்தாலும் பொருள் கையில் இல்லாவிட்டால் அவர் எழுதுவது ஊகம்தான். தடயங்கள் தொலைவது பெரும்பாலும் சதியால் அல்ல, சுத்தம் செய்யும் ஆர்வத்தால். தளத்தைக் கழுவிவிடுவார்கள், வண்டியைப் பழைய இரும்புக்கு அனுப்பிவிடுவார்கள், பழுதான பாகத்தை மாற்றிப் பழையதைக் குப்பையில் போட்டுவிடுவார்கள்.

தூரத்தில் இருந்து ஒரு படம், நடுவில் இருந்து ஒரு படம், அருகில் இருந்து ஒரு படம் என்று எடுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள். உடைந்த இரண்டு துண்டுகளைப் பொருத்திப் பார்க்காதீர்கள். எல்லோருக்கும் கை துறுதுறுக்கும், ஆனால் அப்படி உரசும்போது முறிவுப் பரப்பில் நுண்ணோக்கிக்குத் தெரிய வேண்டிய கோடுகள் நசுங்கிவிடும். துருவைத் துடைக்காதீர்கள், எண்ணெய் போடாதீர்கள். ஈரம் படாத இடத்தில் தனித்தனியாகப் பொதிந்து வையுங்கள். எரிந்த மின்சாதனத்தை 'வேலை செய்கிறதா பார்க்கலாம்' என்று இயக்காதீர்கள். மோதிய வண்டியின் சாவியைத் திருப்ப வேண்டாம், சில வகைப் பதிவுகள் அதனால் மேலெழுதப்பட்டுவிடும்.

பொருள் யார் கையில் இருந்து யார் கைக்கு, எந்தத் தேதியில் போனது என்ற குறிப்பும் வேண்டும். நடுவில் இரண்டு வாரம் அது எங்கே இருந்தது என்று தெரியவில்லை என்றால், எதிர்த்தரப்புக்கு வேறு வாதமே தேவையில்லை.

நாமே ஒரு ஆய்வகத்தில் கொடுத்து வெட்டிப் பார்த்துவிடலாமா?

கூடாது. வெட்டினால் அது திரும்பி வராது. பொருளைச் சிதைக்கும் எந்தச் சோதனைக்கும் முன்பு, பொறுப்பு வரக்கூடிய எல்லாத் தரப்புக்கும் தெரிவித்து, எந்த வரிசையில் என்ன செய்வோம் என்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டு, எல்லோர் முன்னிலையிலும் செய்வதுதான் நடைமுறை. தனியாக வெட்டியவருக்குப் பாதகமாக நீதிமன்றம் முடிவெடுக்க இடமுண்டு. சில வழக்குகளில் அந்தச் சாட்சியத்தையே ஒதுக்கிவிடுவார்கள்.

உடைந்த துண்டைப் பார்த்து உண்மையில் என்ன சொல்ல முடியும்?

நிறைய. உலோகம் உடையும் விதத்திலேயே காரணத்தின் கையெழுத்து இருக்கிறது. ஒரே அடியில், அளவுக்கு மீறிய சுமையால் உடைந்த மென்மையான எஃகு நீண்டு, மெலிந்து, மங்கலான சாம்பல் பரப்போடு பிரியும். நொறுங்கும் இயல்புள்ளது நீளாமல், பளபளப்பாகப் பிளக்கும். விரிசல் எங்கே தொடங்கியதோ அந்த இடத்தைச் சுட்டும் அம்புக்குறிபோன்ற வரிகள் அதில் பல நேரம் தெரியும். மாதக்கணக்கில், திரும்பத் திரும்ப வந்த சிறிய சுமைகளால் வளர்ந்த விரிசல் என்றால், கடற்கரையில் அலை விட்டுச்சென்ற வரிகள் மாதிரி வளைவுகள் அடுக்கடுக்காக இருக்கும். இதைத்தான் களைப்பு முறிவு என்கிறோம். பழைய பகுதி துருவேறி இருக்கும், கடைசியாக முறிந்த பகுதி புதிதாக இருக்கும். விபத்து நடந்த நொடியில் உடைந்ததா, அதற்கு வெகு நாள் முன்பே உடையத் தொடங்கியதா என்ற கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் கிடைப்பது அரிது.

அமெரிக்காவில் ஒஹாயோ ஆற்றின் மேல் இருந்த சில்வர் பாலம் 1967 டிசம்பர் 15 அன்று மாலை நெரிசல் நேரத்தில் விழுந்தது. 46 பேர் இறந்தார்கள். ஆற்றில் இருந்து எடுத்த துண்டுகளை அடுக்கித் தேடியதில், பாலத்தைத் தாங்கிய கண்துளைச் சட்டம் (முனையில் துளையுள்ள இரும்புச் சட்டம்) ஒன்றில் சுமார் 2.5 மில்லிமீட்டர் ஆழமுள்ள விரிசலே ஆரம்பம் என்று தெரிந்தது. இணைப்பைக் கழற்றாமல் அந்த இடத்தைப் பார்க்கவே முடியாது. 'ஆய்வாளர் கவனிக்கவில்லை' என்று சொல்வதற்கும் 'யாரும் கவனிக்க முடியாத இடத்தில் வடிவமைத்தார்கள்' என்று சொல்வதற்கும் இடையில் சட்டப்படி எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள்.

1954இல் காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு அடுத்தடுத்து வானில் சிதறியபோது, இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு முழு விமான உடலையே தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, அழுத்தம் ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். அதுவும் களைப்பு முறிவுதான்: உடலில் வெட்டிய திறப்பின் மூலையில் தொடங்கிய விரிசல். ஊகத்தைச் சோதனையால் நிரூபிப்பது என்றால் என்ன என்பதற்கு இன்றும் இதைத்தான் காட்டுகிறார்கள்.

வண்டி எவ்வளவு வேகத்தில் வந்தது என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பழைய வழி, டயர் தேய்ந்த தடத்தின் நீளம். உராய்வுக் கெழுவையும் (சாலை டயரை எவ்வளவு பிடிக்கிறது என்று காட்டும் எண்) புவியீர்ப்பு முடுக்கத்தையும் தடத்தின் நீளத்தையும் பெருக்கி, அதை இரண்டால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் வேகம். உலர்ந்த தார்ச்சாலையில் 30 மீட்டர் தடம், உராய்வு 0.7 என்றால் மணிக்குச் சுமார் 73 கி.மீ.

இப்போது அதே கணக்கில் உராய்வை 0.6 என்று வையுங்கள்: 68 கி.மீ. 0.8 என்று வையுங்கள்: 78 கி.மீ. வேக வரம்பு 70 என்றால், ஒரு நிபுணரின் ஓட்டுநர் வரம்புக்குள், இன்னொருவரின் ஓட்டுநர் வரம்புக்கு வெளியே. அதனால்தான் அந்தச் சாலையில், அதே ஈரப்பதத்தில், உராய்வை நேரில் அளந்தாரா அல்லது ஏதோ அட்டவணையில் இருந்து எடுத்தாரா என்று கேட்க வேண்டும். '73.4 கி.மீ.' என்று புள்ளி வைத்து எழுதி, பிழை எல்லையைச் சொல்லாத அறிக்கையை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன். அப்புறம் இன்னொன்று: தடம் தெரியத் தொடங்கும் முன்பே வண்டி கொஞ்சம் வேகம் இழந்திருக்கும், தடம் முடியும் இடத்தில் மோதியிருந்தால் அந்த மோதலின் ஆற்றலும் கணக்கில் சேராது. ஆகவே தடத்தில் இருந்து வருவது பெரும்பாலும் குறைந்தபட்ச வேகம். பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாத (ஏ.பி.எஸ்.) வண்டிகள் தெளிவான தடமே விடாமல் போவதும் உண்டு. வாகனம் நசுங்கிய ஆழம், மோதிய பின் ஓடிய தூரம், கண்காணிப்பு கேமராப் படங்கள் ஆகியவற்றில் இருந்து தனித்தனியாகக் கணக்கிட்டு, எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் நல்ல வேலை.

காரிலும் கறுப்புப் பெட்டி உண்டாமே?

உண்டு, ஆனால் விமானத்தில் இருப்பதுபோல அல்ல. காற்றுப்பையை (ஏர்பேக்) கட்டுப்படுத்தும் கருவிக்குள்ளேயே ஒரு பதிவு இருக்கிறது. அமெரிக்க விதிகளின் பழைய வடிவம் மோதலுக்கு முந்தைய 5 நொடிகளின் வேகம், பிரேக், முடுக்கி நிலை போன்றவற்றைக் கேட்டது. அதைத்தான் பல வண்டிகளில் பார்க்கலாம். இருக்கைப் பட்டி போட்டிருந்தாரா என்பதும் தெரியும். இயந்திரம் சொல்கிறது என்பதற்காக அப்படியே நம்பிவிடவும் முடியாது. அந்த வேகம் பெரும்பாலும் சக்கரச் சுழற்சியில் இருந்து வருவது. சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கினால் வண்டி பறந்துகொண்டிருக்கும், பதிவோ குறைவாகக் காட்டும்.

இரவு விபத்து. முன்விளக்கு எரியவில்லை என்கிறார்கள். நிரூபிக்க முடியுமா?

பழைய இழை விளக்கு என்றால் பெரும்பாலும் முடியும். எரிந்துகொண்டிருந்த இழை சூட்டில் இளகி இருக்கும், மோதலின் அதிர்ச்சியில் நீண்டு வளைந்துவிடும். அணைந்திருந்த இழை சுத்தமாக உடையும். கண்ணாடி உடைந்த நேரத்தில் இழை சூடாக இருந்திருந்தால் அதன் மேல் மஞ்சள், வெள்ளை ஆக்சைடு படியும். எல்.இ.டி. விளக்கில் இந்தச் சாட்சி கிடையாது. சுவிட்ச் நிலையையும் மின்னணுப் பதிவையும்தான் நம்ப வேண்டும்.

தீ விபத்தில் எல்லாமே எரிந்துபோகிறதே, காரணம் எப்படித் தெரியும்?

எல்லாமே எரியாது. ஆனால் இந்தத் துறையிலேயே அதிகம் தவறு நடந்த இடம் இது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும்.

நீண்ட காலம் தீ ஆய்வாளர்கள் வாய்வழி வந்த சில நம்பிக்கைகளை வைத்து வேலை செய்தார்கள். சன்னல் கண்ணாடியில் சிலந்திவலை போல நுண்விரிசல் இருந்தால் யாரோ எரிபொருள் ஊற்றி, தீ மளமளவென்று சூடேறியது என்று அர்த்தம் என்றார்கள். 1991இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து மலைப்பகுதியில் காட்டுத்தீ பரவி, யாரும் எரிபொருள் ஊற்றாமலே ஏராளமான வீடுகள் எரிந்தன. அங்கே போய்ப் பார்த்தவர்களுக்கு அதே விரிசல் கிடைத்தது. பிறகு சோதனையில் தெரிந்தது, சூடான கண்ணாடியின் மேல் தீயணைப்பு வீரர்களின் தண்ணீர் படும்போதுதான் அப்படி விரிசல் விடுகிறது. தரையில் எரிபொருள் ஊற்றித் தேங்கியதுபோலக் கருகிய அடையாளமும் இதே கதைதான். ஒரு அறையில் வெப்பம் ஏறி, உள்ளே இருக்கும் எல்லாமே ஒரே நேரத்தில் பற்றும் நிலைக்குப் போய்விட்டால், சொட்டு எரிபொருள் இல்லாமலே அப்படி ஆகும். இந்த மாதிரி அடையாளங்களை நம்பி டெக்சஸில் ஒரு தகப்பனுக்குத் தீவைப்புக் கொலைக் குற்றம் சாட்டி, 2004இல் மரண தண்டனையும் நிறைவேற்றிவிட்டார்கள். அவர் வழக்கில் சொல்லப்பட்ட 'தடயங்களுக்கு' அறிவியல் அடிப்படை இல்லை என்று பின்னர் பல தீ நிபுணர்கள் எழுதினார்கள்.

அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் 1992இல் வெளியிட்ட என்.எஃப்.பி.ஏ. 921 என்ற தீ ஆய்வு வழிகாட்டி, அறிவியல் முறைப்படி ஊகங்களைச் சோதிக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. 2011 பதிப்பு இன்னொரு கெட்ட பழக்கத்தையும் நிராகரித்தது: 'வேறு எந்தக் காரணமும் கிடைக்கவில்லை, ஆகவே தீவைப்பு' என்று முடிப்பது.

சரி, மின்கசிவு? எரிந்த வீட்டில் உருகிய செம்பு மணிகள் கிடைத்தால் உடனே 'ஷார்ட் சர்க்யூட்' என்று எழுதிவிடுவார்கள். வேறு காரணத்தால் பற்றிய தீ ஒயரின் உறையை எரித்தாலும் ஒயர்கள் தொட்டுக்கொண்டு அதே மணிகள் உருவாகும். தீக்குக் காரணமா, தீயின் விளைவா என்பது தீ எங்கே தொடங்கியது என்பதைத் தனியாக நிறுவிய பிறகே பேச வேண்டிய விஷயம்.

வழுக்கி விழுந்த வழக்குக்கும் பொறியாளர் வேண்டுமா?

தரையின் வழுக்கலை அளக்கலாம். ஊசல்போல ஆடும் கையின் ரப்பர் நுனியைத் தரையில் உரசவிட்டு அளக்கும் ஊசல் கருவி என்று ஒன்று இருக்கிறது. ஈரத்தில் அதன் அளவு 36 அல்லது அதற்கு மேல் என்றால் வழுக்கும் ஆபத்து குறைவு, 25க்குக் கீழே என்றால் அதிகம் என்பது பிரிட்டனில் வழங்கும் வரையறை. படிகளின் உயரம் சீராக இருக்கிறதா, வெளிச்சம் போதுமா என்பதும் முக்கியம்.

காரணம் தெரிந்துவிட்டால் பொறுப்பு யாருடையது என்பதும் தெரிந்துவிடும் அல்லவா?

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். எது உடைந்தது, ஏன் உடைந்தது என்பது பொறியாளர் சொல்ல வேண்டியது. யார் பணம் கொடுக்க வேண்டும் என்பது நீதிபதி சொல்ல வேண்டியது. இடையில் ஒரு பாலம் இருக்கிறது: அந்தத் தொழிலில் கவனமுள்ள ஒருவர் இந்த நிலையில் என்ன செய்திருப்பார்? அதைப் பற்றிப் பொறியாளர் கருத்துச் சொல்லலாம், தீர்ப்பு எழுதக் கூடாது.

அமெரிக்காவின் கன்சஸ் நகரில் உள்ள ஹயட் ரீஜென்சி ஓட்டலில் 1981 ஜூலை 17 அன்று தொங்கு நடைபாலங்கள் இரண்டு கூட்டத்தின் மேல் விழுந்து 114 பேர் இறந்தார்கள். பொறியியல் காரணத்தைக் காண அதிக நாள் ஆகவில்லை. மூல வரைபடத்தில் மேல்பாலம், கீழ்ப்பாலம் இரண்டையும் ஒரே நீளமான கம்பி தாங்கியது. செய்வதற்கு வசதியாக அதை இரண்டு கம்பிகளாக மாற்றினார்கள். கீழ்ப்பாலம் இப்போது மேல்பாலத்தில் இருந்து தொங்கியது. மேல்பாலத்து உத்திரத்துக்குக் கீழே இருந்த நட்டு இரண்டு பாலங்களின் எடையையும் சுமந்தது, அதாவது இரண்டு மடங்கு. போதாததற்கு, மாற்றத்துக்கு முந்தைய வடிவமே கட்டட விதி கேட்ட வலிமையில் சுமார் 60 சதவீதம்தான் என்று அரசு ஆய்வு சொன்னது.

பொறுப்பு? எஃகுப் பாகங்களைச் செய்த நிறுவனம் மாற்றத்தைக் கேட்டது, பொறியாளர்கள் தொலைபேசியில் ஒப்புக்கொண்டார்கள் என்றது. பொறியாளர்கள் அப்படி ஒரு அழைப்பே இல்லை என்றார்கள். ஆனால் மாற்றிய வரைபடத்தில் அவர்களின் ஒப்புதல் முத்திரை இருந்தது. கடைசியில் உரிமத்தை இழந்தது அவர்கள். கணக்குப் போட வேண்டியது யார் என்ற கேள்விக்கு நட்டில் பதில் இல்லை, காகிதத்தில் இருந்தது. அதனால்தான் அனுபவமுள்ள தடயவியல் பொறியாளர் இரும்பைப் பார்ப்பதோடு நிற்காமல் கடிதங்கள், திருத்திய வரைபடங்கள், பராமரிப்புப் பதிவேடுகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்குவார்.

பொருள் சார்ந்த வழக்குகளில் குறை மூன்று வகையாகப் பிரியும்: வடிவமைப்பிலேயே தவறு, வடிவமைப்பு சரி ஆனால் தயாரிப்பில் தவறு, அல்லது எச்சரிக்கையும் பயன்பாட்டுக் குறிப்பும் போதாதது. ஜப்பானின் டகாட்டா நிறுவனம் செய்த காற்றுப்பைகள் முதல் வகைக்குப் பெயர்போனவை. அவற்றின் எரிபொருளான அம்மோனியம் நைட்ரேட், வெப்பமும் ஈரமும் மாறி மாறி வரும் இடங்களில் ஆண்டுகள் போகப் போகச் சிதைந்து, வெடிக்கும்போது உலோகக் கூட்டையே துண்டுகளாகச் சிதறடித்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி காற்றுப்பைகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஓட்டுநரின் பிழையும் பொருளின் குறையும் சேர்ந்தே காயம் உண்டாக்கும் வழக்குகளும் நிறைய. மோதலுக்கு ஒருவர் பொறுப்பு, கூடுதல் காயத்துக்கு இன்னொருவர் பொறுப்பு என்று பிரிக்கவும் பொறியியல் கணக்கு தேவைப்படும்.

இன்சூரன்ஸ் நிறுவனம் ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டது. பிறகும் ஏன் பொறியாளரை அனுப்புகிறார்கள்?

கொடுத்த பணத்தை, உண்மையில் சேதத்துக்குக் காரணமானவரிடம் திரும்ப வசூலிக்க. அந்த உரிமை அவர்களுக்கு உண்டு. ஆகவே பணம் கைக்கு வந்தாலும் பொருளைத் தூக்கிப் போடாதீர்கள்.

இரண்டு தரப்பு நிபுணர்களும் நேரெதிராகச் சொல்கிறார்களே, யாரை நம்புவது?

யார் கட்டணம் கொடுத்தாலும் நிபுணரின் முதல் கடமை நீதிமன்றத்துக்கே என்பதை 1993இல் 'இகேரியன் ரீஃபர்' கப்பல் வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம் தெளிவாக எழுதி வைத்தது. நடைமுறையில் எல்லோரும் அப்படி இருப்பதில்லை என்பது நீதிபதிகளுக்கும் தெரியும். அதனால் ஆளைவிட முறையைத்தான் பார்க்கிறார்கள்.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1999ஆம் ஆண்டு கும்ஹோ டயர் தீர்ப்பு இதற்கு நல்ல உதாரணம். டயர் வெடித்து ஒருவர் இறந்தார். டயரில் ஓட்டைகள் சரியாக அடைக்கப்படாமல் இருந்தன, மேற்பரப்பும் வெகுவாகத் தேய்ந்திருந்தது. இருந்தும் வழக்குத் தொடுத்தவர்களின் நிபுணர், காற்றுக் குறைவாக ஓட்டியதற்கான நான்கு அடையாளங்களில் குறைந்தது இரண்டாவது தென்படாவிட்டால் தயாரிப்புக் குறைதான் என்று தன் சொந்த விதியைக் கொண்டு, கண்ணால் பார்த்தும் தொட்டும் முடிவுக்கு வந்தார். அந்த முறையை வேறு யாரும் பயன்படுத்தியதாகக் காட்ட முடியவில்லை. சாட்சியத்தை ஒதுக்கியது சரியே என்றது நீதிமன்றம். நிபுணருக்குப் படிப்பில் குறை இல்லை. அவர் போன வழிதான் ஏற்கப்படவில்லை.

அரசு விசாரணை அறிக்கையையே வழக்கில் காட்டிவிட்டால் போதாதா?

எப்போதும் இல்லை. விமான விபத்து விசாரணைக்கான சர்வதேச விதி, விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, பழி சுமத்துவது அல்ல என்கிறது. அமெரிக்காவில் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொல்லும் 'சாத்தியமான காரணம்' இழப்பீட்டு வழக்கில் சாட்சியமாக ஏற்கப்படுவதில்லை. ஆய்வாளர்கள் திரட்டிய விவரங்களைப் பயன்படுத்தலாம், முடிவை உங்கள் நிபுணர் தனியாக எட்ட வேண்டும்.

'காரணத்தைத் தீர்மானிக்க இயலவில்லை' என்று அறிக்கை வந்தால் பணம் வீணா?

வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் நேர்மையான அறிக்கை என்பதற்கு அதுவும் ஒரு அடையாளம். இல்லாத உறுதியைக் காட்டும் அறிக்கை குறுக்கு விசாரணையில் உடையும்போது, அதனோடு வழக்கின் மற்ற நல்ல பகுதிகளும் சரியும். உரிமையியல் வழக்கில் பல நாடுகளில் நூறு சதவீத உறுதி தேவையும் இல்லை. நடந்திருக்க அதிக வாய்ப்புள்ளது எது என்பதுதான் கேள்வி.

கணினியில் செய்த விபத்துக் காட்சி வழக்கில் செல்லுமா?

செல்லலாம். அது கணக்கில் இருந்து பிறந்த காட்சியா, வழக்கறிஞர் சொன்ன கதைக்கு வரைந்த படமா என்று கேளுங்கள். இரண்டும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும்.

அறிக்கை வந்தவுடன் எந்தப் பக்கத்தை முதலில் படிக்க வேண்டும்?

முடிவுரையை அல்ல. பொருளை அவர் நேரில் பார்த்தாரா, படங்களை மட்டும் பார்த்தாரா என்பதைப் பாருங்கள். பிறகு எந்தெந்த மாற்றுக் காரணங்களை எடுத்துக்கொண்டார், ஒவ்வொன்றையும் எந்தத் தடயத்தால் விலக்கினார் என்று பாருங்கள். அந்தப் பகுதி ஒரு பத்தியில் முடிந்துவிட்டால், எதிர்த்தரப்பு அங்கேதான் தாக்கும். உங்கள் நிபுணரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்: எந்தத் தகவல் மாறினால் உங்கள் முடிவு மாறும்?

எல்லா விபத்துக்கும் ஆள் வைக்க வேண்டுமா?

வேண்டாம். உண்மைகளில் தகராறு இல்லாத, தொகையும் சிறிதான வழக்கில் நிபுணர் கட்டணமே இழப்பீட்டைத் தின்றுவிடும். அங்கே படங்களும் பழுதுபார்ப்பு ரசீதுகளும் போதும். சந்தேகமாக இருந்தால் முழு அறிக்கை கேட்காமல், பொருளை ஒருமுறை பார்த்து வாய்மொழியாகக் கருத்துச் சொல்லச் சொல்லுங்கள். மேற்கொண்டு போவதா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம். பொருளை மட்டும் அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.